நெருப்பில் பிறந்த குளிர்



பள்ளி விடுமுறையில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து செல்லும் குடும்பங்களுள் சில, படுக்கையும் சமையலறையும் உள்ளேயே அமைந்த கேரவன் வண்டியை வாடகைக்கு எடுப்பதுண்டு. “அவ்வண்டியின் குளிர்பதனப் பெட்டி எரிவாயுவில் நன்றாகக் குளிர்கிறது, மின்கலத்துக்கு மாற்றினால் குளிர்வதில்லையே, ஏன்?” என்று பெற்றோர் ஒருவர் என்னிடம் வினவினார். இதற்கு விடை காண, அப்பெட்டியின் வரலாற்றை முதலில் அறிதல் வேண்டும்.

1859-இல் பிரான்சு நாட்டவரான பெர்டினாண்ட் கர்ரே, அம்மோனியாவையும் நீரையும் கொண்டு குளிரூட்டும் பொறியை உருவாக்கினார். வெப்பமே அதனை இயக்கியது. எனினும் நீர்மத்தைச் சுழலச் செய்ய ஒரு பம்பு தேவைப்பட்டது. 1922-இல் ஸ்டாக்ஹோம் அரச தொழில்நுட்பக் கழகத்தில் மாணவர்களாக இருந்த பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் ஆகிய இருவரும் அந்தப் பம்பையும் நீக்கினர். ஐதரசனைச் சேர்த்து, குழாய் முழுவதும் அழுத்தத்தைச் சமமாக்கியதே அவர்களின் நுட்பம். 1925 முதல் எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அறிவியலறிஞர் ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும் கூட அசையும் உறுப்புகளற்ற குளிர்பதனப் பெட்டியொன்றை வடிவமைத்து, 1930-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றனர்.

இவ்வகைப் பெட்டியில் கரைசலைச் சூடேற்றினால் அம்மோனியா ஆவியாகப் பிரியும். மேலே சென்று குளிர்ந்து நீர்மமாகும். பெட்டிக்குள் மீண்டும் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும். பின்னர் நீரில் கரைந்து தொடங்கிய இடத்துக்கே திரும்பும். நீர்மம் தன் எடையாலேயே இறங்குவதால் வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும்.

ஆகவே, இங்கு மின்சாரத்தின் முதன்மைப் பணி குளிரூட்டுவதன்று, சூடேற்றுவதே! எரிவாயுச் சுடர் செய்யும் வேலையை மின்சூடேற்றி செய்கிறது. எரிவாயுவில் குளிர்கிறதென்றால் குளிரூட்டும் பகுதி நலமாக உள்ளது. பழுதை மின்பகுதியில்தான் தேட வேண்டும்.

ஆறாம் வகுப்புக் கணக்கே இதற்குப் போதும். 12 வோல்ட்டில் 120 வாட் தரும் சூடேற்றியை எடுத்துக்கொள்வோம். அதில் 10 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். அதன் மின்தடை 1.2 ஓம். கம்பி மெலிந்தோ, இணைப்பு துருப்பிடித்தோ இருந்தால், சூடேற்றியை அடையும்போது மின்னழுத்தம் 10 வோல்ட்டாகக் குறையலாம். அப்போது கிடைப்பது ஏறத்தாழ 83 வாட் மட்டுமே. மின்னழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைய, வெப்பமோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. எனவே மின்னழுத்தத்தை மின்கலத்தருகே அளந்தால் மட்டும் போதாது. பெட்டி இயங்கிக்கொண்டிருக்கும்போதே சூடேற்றியின் முனைகளில் அளக்க வேண்டும். அங்கே 12 வோல்ட்டு முழுமையாக இருந்தும் சூடு வராவிட்டால், மின்சாரத்தைத் துண்டித்துச் சூடேற்றியின் மின்தடையைச் சோதிக்கலாம்.

ஒன்றை மறவாதீர்கள். அம்மோனியா நச்சுத்தன்மை உடையது. ஐதரசன் எளிதில் தீப்பற்றும். கார நெடி வீசினால் பெட்டியை நிறுத்தி, அனைவரையும் வெளியேற்றிவிட்டு, தேர்ந்த பழுதுபார்ப்பவரை அழையுங்கள். குழாயைத் துளையிடவோ பற்றவைக்கவோ முயல வேண்டா.

ஆசிரியர்களே, மின்னழுத்தப் பாடத்தை நடத்தும்போது இப்பெட்டியை எடுத்துக்காட்டாகக் கூறிப் பாருங்கள். “சூடேற்றினால் எப்படி ஐயா குளிரும்?” என்று ஒரு மாணவன் கேட்டுவிட்டால், அன்றைய பாடம் வென்றது.