ஊசியும் திரையும்: நதேழ்தா லாமனோவா

பழைய திரைப்படங்களைப் போற்றுவோர் இயக்குநரையும் நடிகரையும் நினைவுகூர்வர். ஆடை அமைத்த கைகளை எண்ணுவோர் அரியர். அத்தகைய ஒருவரின் வரலாற்றை நம் பத்தாண்டு நிறைவு மலரில் பதிந்து வைத்தல் பொருந்தும் எனக் கருதுகிறேன்.

நதேழ்தா லாமனோவா 1861ஆம் ஆண்டில் உருசியாவின் நீஸ்னி நோவ்கோரத் பகுதியில் ஒரு சிற்றூரில் பிறந்தார். மாஸ்கோவில் தையல் பயின்று, 1885இல் சொந்தத் தையலகம் தொடங்கினார். நாளடைவில் பேரரசக் குடும்பத்திற்கே உடை வழங்கும் சிறப்பைப் பெற்றார். தாளில் வரைந்து துணியை வெட்டுவது அவர் வழக்கமன்று. உடுத்துவோர் மேனியிலேயே துணியைப் படியவிட்டு, குண்டூசிகளால் மடிப்பமைத்து வடிவம் காண்பார். 1901 முதல் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் மாஸ்கோ கலை அரங்கிற்கும் உடையமைத்தார். ஓவியர் செரோவ் 1911இல் மறைந்தபோது முடிவுறாமல் நின்ற ஓவியங்களுள் ஒன்று இவருடைய உருவமே.

1917ஆம் ஆண்டுப் புரட்சி அவருடைய பழைய வாழ்வை முடித்துவைத்தது. 1919இல் சிறைப்பட்டார், மாக்சிம் கார்க்கியின் பரிந்துரையால் விடுதலை பெற்றார். ஆயினும் அவர் நாட்டை விட்டு நீங்கவில்லை. பட்டும் சரிகையும் அரிதான அந்நாளில் முரட்டுத் துணியையும், சிற்றூர்ப் பெண்டிர் பூவேலை செய்த துண்டுகளையும் கையிலெடுத்தார். அவற்றால் அமைந்த ஆடைகள் 1925ஆம் ஆண்டு பாரிசுக் கண்காட்சியில் பெரும்பரிசு வென்றன. அவ்வாண்டிலேயே சிற்பி வேரா முகினாவுடன் இணைந்து, எளியோர் தாமே தைத்துக்கொள்ளத்தக்க ஆடை மாதிரிகளை நூலாக வெளியிட்டார்.

திரையுலகம் அவரை அழைத்தபோது அகவை அறுபதைக் கடந்திருந்தது. செவ்வாய்க் கோளைக் காட்டிய ‘ஏலிதா’ (1924) என்னும் பேசாப் படத்தில், ஓவியர் அலெக்சாந்திரா எக்ஸ்டரின் வடிவமைப்பில் உருவான ஆடைப்பணியில் பங்கேற்றார். பின்னர் ‘சர்க்கஸ்’ (1936), ஐசன்ஸ்டைனின் ‘அலெக்சாந்தர் நெவ்ஸ்கி’ (1938) ஆகிய படங்களிலும் பணியாற்றினார். அரசவைப் பெண்டிர்க்கு உடையமைத்த கை, தொழிலாளர்க்கும் பழங்காலப் போர்வீரர்க்கும் உடையமைத்தது.

ஆடை யாருக்காக, எதனால், எப்பயன் கருதி ஆக்கப்படுகிறது என்னும் மூன்று வினாக்களே அவர் கொள்கையின் அடிப்படை. இவற்றுக்கு விடை கண்ட பின்னரே வடிவம் பிறக்கும் என்றார். செய்யுள் இயற்றுவோர்க்கும் இவ்வினாக்கள் அயலானவை அல்ல. பட்டு இருந்தபோது பட்டிலும், அது போனபின் முரட்டுத் துணியிலும் அவர் வடிவம் குன்றவில்லை. சொல்வளம் குறைந்தது எனக் காலத்தை நோகும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1941 அக்டோபரில், போர் மாஸ்கோவை நெருங்கிய நாட்களில், அந்நகரிலேயே அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு அகவை 79. அவர் தொட்ட துணிகளுட் பல மட்கிப்போயின. படச்சுருளில் பதிந்தவை இன்றும் அசைகின்றன.