குழந்தையின் மௌனத்தைக் கவனிப்போம்

"தெரியாதவர் மிட்டாய் கொடுத்தால் வாங்காதே" என்று சொல்லித்தான் நம் பிள்ளைகளை வளர்க்கிறோம். நல்லதுதான். ஆனால் தெரிந்தவரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. 2007ஆம் ஆண்டு மத்திய அரசு 13 மாநிலங்களில் நடத்தி வெளியிட்ட ஆய்வில், 53.22 விழுக்காடு சிறார் ஏதாவதொரு வகையில் பாலியல் துன்பத்திற்கு ஆளானதாகக் கூறினர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சிறுவர்கள். துன்புறுத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள். பெரும்பாலான பிள்ளைகள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

தொடுவது மட்டுமே குற்றம் என்று எண்ண வேண்டாம். ஆபாசப் படம் காட்டுவது, குழந்தையைத் தவறாகப் படமெடுப்பது, கைப்பேசியில் அருவருப்பாகப் பேசுவது எல்லாம் குற்றமே. இதைச் செய்பவர் பெரும்பாலும் முரடராக இருப்பதில்லை. முதலில் பெற்றோரின் நம்பிக்கையைப் பெறுவார். பிறகு பிள்ளைக்குப் பரிசு, தனிச்சலுகை, தனியாக இருக்க ஒரு காரணம். கடைசியில், "இது நமக்குள்ளேயே இருக்கட்டும்" என்பார். இந்த இரகசியம்தான் பூட்டு. வீட்டில் எந்த இரகசியமும் அம்மா அப்பாவிடம் சொல்லக்கூடியதே என்று பிள்ளைக்குச் சிறுவயதிலேயே பழக்கிவிட்டால் அந்தப் பூட்டு விழாது.

பிள்ளை வாய்திறந்து சொல்லாவிட்டாலும் நடத்தை சொல்லும். நின்றுபோன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்புதல், ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கோ டியூஷனுக்கோ போக அடம்பிடித்தல், காரணமில்லாத வயிற்றுவலி, தூக்கத்தில் அலறல், வயதுக்கு மீறிய பாலியல் பேச்சு, யார் கொடுத்தது என்று சொல்லாத பணம். இவற்றில் ஒன்றைக் கண்டவுடன் முடிவு கட்டிவிடக் கூடாது. வேறு துன்பமும் காரணமாக இருக்கலாம். ஆனால் "அடம் பிடிக்கிறான்" என்று அடித்துவிடாமல் பக்கத்தில் அமர்ந்து கேட்கலாமே!

பிள்ளை சொன்னால் நம்புங்கள். "ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்காதீர்கள். திரும்பத் திரும்ப விசாரிக்க வேண்டாம். நடந்தது அண்மையில் என்றால் உடைகளைத் துவைக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 1098 என்ற கட்டணமில்லா எண்ணிலும் உதவி கிடைக்கும். குடும்ப மானம் கருதி ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிப்பதுதான் நம்மிடையே உள்ள பெரிய தவறு. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரியது.

இதை எழுதும் நானும் ஓர் அருள்பணியாளன். திருச்சபைக்குள்ளும் இக்குற்றம் நடந்தது, மூடி மறைக்கப்பட்டது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதம் வெளியிட்ட ஆணை, குருக்களும் துறவியரும் இத்தகைய குற்றம் பற்றி அறிந்தால் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவிப்பதைக் கடமையாக்கியது. முறையிடுபவரை மௌனமாக இருக்கும்படி கட்டாயப்படுத்தவும் தடை விதித்தது. ஃபாதர் மீது புகார் சொன்னால் பாவம் என்று நினைப்போர் இதை அறிய வேண்டும். பீடச்சிறுவர் பயிற்சியாயினும் மறைக்கல்வியாயினும் கதவு திறந்திருக்கட்டும். பெற்றோர் எந்நேரமும் உள்ளே வரலாம்.

காவல்நிலையத்திற்கு அஞ்சித் தயங்குவோருக்கு ஒரு செய்தி: குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே பதிவு செய்யலாம். பதிவு செய்யும் அதிகாரி சீருடையில் இருக்கக்கூடாது. குழந்தையின் பெயரை ஊடகங்கள் வெளியிடவும் சட்டம் அனுமதிப்பதில்லை.