வயிற்றுக்கு ஞாபக சக்தி உண்டா?

"வயிறு ரொம்பிடுச்சு, போதும்" என்று எழுந்திருக்கிறோமே, அந்த "போதும்" எங்கிருந்து வருகிறது? இதென்ன கேள்வி, வயிற்றிலிருந்துதான் என்பீர்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் விஞ்ஞானிகளும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தார்கள்.

1912-ல் ஹார்வர்டில் வால்டர் கேனன் என்ற பேராசிரியர் தன் மாணவர் வாஷ்பர்னை ஒரு பலூனை விழுங்க வைத்தார் (பாவம் அந்தப் பிள்ளை!). பலூனோடு ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் பதிவு செய்யும் கருவி. இரைப்பை இறுக்கிச் சுருங்கும் நேரமும் "பசிக்குது" என்று அவர் சொன்ன நேரமும் ஒத்துப்போயின. சரி, பசி என்றால் இரைப்பை சுருங்குவதுதான் என்று முடிவு கட்டினார்கள். ஆனால் பின்னாளில், ஆபரேஷனில் இரைப்பையையே எடுத்துவிட்டவர்களுக்கும் பசிக்கத்தான் செய்தது. அப்போ விஷயம் வேறெங்கோ இருக்கிறது!

அது எங்கே என்று காட்டியவர்களில் ஒருவர் டாக்டர் இல்லை, நோயாளி. பெயர் ஹென்றி மொலைசன். 1953-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில், வலிப்பு நோய்க்காக அவருக்கு மூளையில் ஆபரேஷன் நடந்தது. அப்போது வயது 27. இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. கூடவே, புதிதாக நடப்பதை நினைவில் வைத்துக்கொள்ளும் திறமையும் போய்விட்டது. 2008-ல் இறக்கும்வரை புத்தகங்களில் அவர் பெயர் வெறும் "எச்.எம்." ஒருமுறை அவர் இரவுச் சாப்பாட்டை முடித்த கையோடு இன்னொரு முழுச் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். மனுஷன் நிதானமாக அதையும் சாப்பிட்டார்.

அவர் மூளையில் அமிக்டலா போன்ற பகுதிகளும் எடுக்கப்பட்டிருந்ததால், காரணம் மறதிதானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 1998-ல் பால் ரோசினும் அவருடைய சகாக்களும் கடுமையான மறதி உள்ள வேறு இரண்டு பேரிடம் இதைச் சோதித்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்து 10 முதல் 30 நிமிஷத்துக்குள் இரண்டாவது சாப்பாடு. மூன்று தடவை சோதித்தும் இருவரும் ஒவ்வொரு தடவையும் அதைச் சாப்பிட்டார்கள். மூன்றாவது சாப்பாடு வைத்தபோதும் பெரும்பாலும் கை வைத்தார்கள்!

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் பழைய தெருவில் இருந்த ஒரு பாட்டி ஞாபகம் வந்தது. சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காயுமுன்னே திண்ணைக்கு வந்து, போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் "காலையிலேர்ந்து ஒரு வாய் சோறு போடலைப்பா" என்பார். தெருவே மருமகளைத் திட்டும். அந்த அக்கா வாசலுக்கே வருவதில்லை. டிமென்ஷியா வந்தவர்களிடம் இது அடிக்கடி நடக்கிற ஒன்று. பாட்டி பொய் சொல்லவில்லை, மருமகள் பட்டினியும் போடவில்லை. இது தெரியாமல் எத்தனை வீடுகளில் எத்தனை சண்டையோ.

சரி, ஞாபகம் நல்லா இருக்கிற நமக்கென்ன என்கிறீர்களா? 2002-ல் இங்கிலாந்தில் சூசன் ஹிக்ஸ், அன்று மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று நினைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு நொறுக்குத்தீனி கொடுத்தார். நினைத்துப் பார்த்தவர்கள் குறைவாகவே சாப்பிட்டார்கள். 2013-ல் 24 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கவனம் சிதறிச் சாப்பிட்டால் அப்போதும் கூடுதலாக உள்ளே போகிறது, அடுத்த வேளை அதைவிடவும் கூடுதலாகப் போகிறது. டிவி பார்த்துக்கொண்டே சாப்பிட்ட சாப்பாடு மனதில் சரியாகப் பதிவதில்லை. கணக்கில் ஏறாத சாப்பாட்டை நாம் இன்னொரு முறை சாப்பிடுகிறோம், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்தத் துறையில் ரொம்பப் பிரபலமாக இருந்தவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பிரையன் வான்சிங்க். அடியிலிருந்து தானாக நிரம்பும் சூப் கிண்ணம் வைத்துச் சோதித்தாரே, அவர்தான். 2018-ல் ஜாமா குழும இதழ்கள் அவருடைய 6 கட்டுரைகளை ஒரே நாளில் திரும்பப் பெற்றன. பல்கலைக்கழகமும் முறைகேடு என்று சொல்ல, ராஜினாமா செய்தார். ஆகவே "தட்டை மாத்துங்க, எடை குறையும்" வகை டிப்ஸ்களைக் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் விழுங்க வேண்டும் :-)

பசிக்கு ஹார்மோன், மரபு, காசு, கவலை என்று இன்னும் பல முதலாளிகள் இருக்கிறார்கள். கவனம் அதில் ஒன்று, ஆனால் நம் கைக்கு எட்டுகிற ஒன்று. அடுத்த முறை யாரையாவது "வாயைக் கட்டத் தெரியாதவன்" என்று சொல்ல நாக்கு துடித்தால், அந்த மருமகளை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். அப்படியே, இன்னைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க? சட்டுனு சொல்ல முடியுதா?