குசினிப் புகை போன வழி

புகைக்கூடு வருவதற்கு முன், குசினிப் புகை கூரை வழியேதான் போனது. நற்பிட்டிமுனை போன்ற வயலோர ஊர்களிலும் கல்முனைக் கரையின் மற்ற ஊர்களிலும் பழைய வீடுகளுக்குப் பின்னால் சமையலுக்கென்று தனிக் கொட்டில் இருக்கும். மண்சுவர், கிடுகுக் கூரை, நிலத்தில் மூன்று கல் அடுப்பு. கிடுகின் இடுக்குகளில் புகை மெல்லக் கசிந்து வெளியேறும். போகிற போக்கில் ஓலையைப் பூச்சி அரிக்காமலும் காக்கும். அடுப்புக்கு மேலே கட்டிய பரணில் விறகு காயும், விதைக்கு வைத்த சோளக்கதிர் தொங்கும். கண்ணெரிச்சலும் இருமலும் சமைக்கிறவளின் பங்கு. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. புகையால் கிடைத்த லாபத்தைத்தான் எடுத்தார்கள்.

குசினி என்ற சொல் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. சொல் ஊருக்குள் தங்கியதே தவிர, ஐரோப்பியக் குசினியின் புகைபோக்கி அதனோடு சேர்ந்து வந்து தங்கவில்லை. நுவரெலியாக் குளிரில் துரைமார் கட்டிய பங்களாக்களில் கணப்படுப்புக்கு மேல் எழுந்த செங்கல் கூண்டுகள் வேறு தேவைக்கு உரியவை. வெப்பக் கரையில் யாரும் குளிர்காய நெருப்பு மூட்டுவதில்லை.

நிலைமையை மாற்றியது கூரைதான். கிழக்குக் கரையில் முஸ்லிம்களிடமும் தமிழரிடமும் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். மகள் வளர வளரத் தகப்பன் கல் சேர்ப்பான், சகோதரர்கள் உழைப்பார்கள்; கல்யாணத்துக்கு முன் கல்வீடு எழும்ப வேண்டும். அப்படிக் கட்டிய வீடுகளில் குசினியும் மெல்ல மெல்ல முதன்மை வீட்டோடு ஒட்டிக்கொண்டது. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்புக் கரையைத் தாக்கிய சூறாவளி கிடுகுக் கூரைகளைக் கூட்டி அள்ளிக்கொண்டு போனது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் கரையோரத்தில் எழுந்த புதுவீடுகளில் கிடுகுக்கு இடமே இல்லை. ஓட்டுக்கூரையிலாவது புகை கொஞ்சம் கசியும். இறுக்கி அடித்த அஸ்பெஸ்ரஸ் சீற்றில் அதற்கும் வழியில்லை. புகைக்குத் தனிப்பாதை தேவைப்பட்டது.

மேசன்மார் அதற்குக் கண்ட விடை சுவரோடு சேர்ந்த புகைக்கூடு. இடுப்பளவு உயரத்தில் அடுப்பு மேடை. அதற்கு மேல் சரிந்து ஒடுங்கும் கூண்டு. கூண்டின் வாயிலிருந்து கூரைக்கு மேலே போகும் சதுரக் குழல். உச்சியில் நான்கு பக்கமும் திறந்து, மழை இறங்காதபடி ஒரு மூடி. வெளியே பூசி, வெள்ளையடித்துவிட்டால் அழகுதான். வேலையின் தரம் தெரிவது உள்ளே. கல்லின் பொருத்துகள் பிதுங்கிய சாந்தோடு அப்படியே விடப்பட்டால் ஒவ்வொரு மேட்டிலும் கரி பிடிக்கும். பச்சைவிறகும் ஈரத் தென்னம்மட்டையும் எரிகிற வீட்டில் அந்தக் கரி தார்போலக் கசிந்து, வெடிப்பு வழியாகச் சுவரின் மறுபக்கம் மஞ்சள் கறையாகத் தலைகாட்டும். உட்புறம் வழவழப்பாகப் பூசாத குழல் புகையை இழுக்கவும் இழுக்காது, குசினிக்கே திருப்பி அனுப்பும்.

இந்த உட்பூச்சுத்தான் மேலைநாட்டார் லைனர் என்று சொல்லும் உள்ளுறையின் ஆதி வடிவம். இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாகப் புகைபோக்கியின் உட்புறத்தைச் சுண்ணாம்பும் மாட்டுச் சாணமும் கலந்த சாந்தால் பூசினார்கள். மட்டக்களப்பு நாட்டில் சாணம் பிசைந்து தரை மெழுகுகிற பெண்ணுக்கு அதில் வியப்படைய ஒன்றுமில்லை. சாணத்தின் நார் பூச்சை வெடிக்காமல் பிடித்துக்கொள்கிறது என்ற கணக்கு இரு இடத்திலும் ஒன்றே. நிலக்கரிப் புகையின் அமிலம் அந்தப் பூச்சைத் தின்றுவிட்டதால், இங்கிலாந்து 1965 கட்டட விதிகளில் புதுப் புகைபோக்கிகளுக்கு உள்ளுறையைக் கட்டாயமாக்கியது. முதலில் சுட்ட களிமண் குழாய்கள். பிறகு பழைய புகைபோக்கிக்குள் மேலிருந்து இறக்கும், வளையக்கூடிய துருவேறா எஃகுக் குழாய்கள்.

இலங்கையில் உள்ளுறை என்ற யோசனை புகைக்கூட்டை விட அடுப்பில்தான் அதிகம் வேரூன்றியது. 1980களில் சர்வோதய இயக்கம், இலங்கை மின்சார சபை, இங்கிலாந்தின் இடைநிலைத் தொழில்நுட்பக் குழு ஆகியவை விறகைச் சிக்கனப்படுத்தும் அடுப்புகளை உருவாக்கின. குயவர் வனைந்து சுட்ட மண் உள்ளுறையை வீட்டார் வாங்கி, அடுப்பு மேடையில் தாங்களே பதித்துக்கொள்ள வேண்டும். அந்த வழியில் வந்த இரண்டு வாய் அடுப்புக்கு அனகி என்று பெயர். சிங்களத்தில் அரியது என்று பொருள். பதிப்பது பெரும்பாலும் பெண்களின் கைவேலை. களிமண்ணோடு உமியும் சாணமும் பிசைந்து, உள்ளுறையைச் சுற்றிக் கெட்டியாக அணைத்துப் பூசி, சில நாள் நிழலில் உலரவிட்டு, வெடித்த இடத்தில் ஈரக்கையால் மறுபடி தடவுவார்கள். அவசரப்பட்டு முதல்நாளே நெருப்பு மூட்டினால் மண் பிளக்கும். அனகிக்குப் புகைக்கூடு கிடையாது. விறகைக் குறைவாகவும் முழுமையாகவும் எரித்துப் புகையையும் குறைப்பதே அதன் உத்தி.

புகைக்கூடு உள்ள வீட்டில், வெடித்த கூட்டுக்குள் உள்ளுறையாகத் தகரக் குழாயோ எஃகுக் குழாயோ இறக்குவது வீட்டாரே செய்யக்கூடிய வேலை. முதலில் நீளக் கம்பில் ஈர்க்குமாற்றைக் கட்டி, மேலிருந்து கரியைத் தட்டிவிட வேண்டும். குழாய்த் துண்டுகளைப் பொருத்தும்போது மேல்துண்டின் நுனி கீழ்த்துண்டின் வாய்க்குள் இறங்க வேண்டும். மாற்றிப் பொருத்தினால் வடிகிற கரித்தார் பொருத்து வழியாக வெளியே ஒழுகும். மழைநீர்க் குழாய் பொருத்தும் முறையும் இதுதான் என்றாலும், புகை மேலே போகிறதே என்று நினைத்துத் தலைகீழாகப் பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். குழாய்க்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை உச்சியில் அடைக்காவிட்டால் மழை உள்ளே இறங்கும்.

காஸ் வந்தபின் பல வீடுகளில் புகைக்கூடு பழைய சட்டி முட்டி வைக்கும் மாடமானது. 2012 குடிசன மதிப்பீட்டின்போதும் நாட்டின் குடும்பங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விறகில்தான் சமைத்தன. ஆனால் நகரப்பாங்கான கரையோரத்தில் காஸ் அடுப்பே மதிப்புக்குரியதாயிற்று. 2021 கடைசியில் காஸ் வெடிப்புகள் நாட்டை உலுக்கின. 2022இல் டொலர் இல்லாமல் காஸ் கப்பல்கள் தாமதித்தன, வெறும் சிலிண்டர்கள் தெருவோரம் வரிசையில் நின்றன. அப்போது மாடத்திலிருந்த சட்டிகள் இறங்கின, ஈர்க்குமாறு மறுபடி புகைக்கூட்டுக்குள் ஏறியது.