மூன்றாம் டிவிஷன் வடக்கு: மறைந்துபோன ஒரு கால்பந்து லீக்கின் சரித்திரம்

இங்கிலாந்தின் வட பிரதேசத்தில் 1921 முதல் 1958 வரை நடைபெற்றுப் பின்னர் மறைந்துபோன ‘மூன்றாம் டிவிஷன் வடக்கு’ என்னும் கால்பந்து லீக், பெருங் கோப்பைகளால் புகழ் பெற்றதன்று. நிலக்கரி வெட்டியும் பஞ்சு நூற்றும் கப்பல் கட்டியும் ஜீவித்த சிறு நகரங்களுக்கு, தேசத்தின் தலைசிறந்த விளையாட்டு ஸ்தாபனத்தில் ஓர் அங்கமாக விளங்கும் உரிமையை அளித்தது என்பதே அதன் சரித்திரத்தை நாம் இன்றும் ஆராய்வதற்குரிய காரணமாகும்.

1888-ஆம் ஆண்டில் 12 கிளப்புகளுடன் தோன்றிய ஃபுட்பால் லீக், 1920-இல் தென்பகுதியின் சதர்ன் லீக்கைச் சேர்ந்த முதல்தரக் கிளப்புகளைத் தனது மூன்றாம் டிவிஷனாக ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டே வடபகுதிக்கென 20 கிளப்புகள் கொண்ட தனிப் பிரிவு ஒன்று அமைந்தது. சுரங்க ஊராகிய ஆஷிங்டன், நெசவு நகரங்களாகிய நெல்சன், ராச்டேல், அக்ரிங்டன், கப்பல் கட்டும் துறையாகிய பாரோ, ரயில்வே தொழிற்சாலையால் வளர்ந்த க்ரூ ஆகியவை ஒரே அட்டவணையில் இடம்பெற்றன. வாரந்தோறும் வரும் நுழைவுக் கட்டணத்தையே நம்பியிருந்த இக்கிளப்புகள், தேசத்தின் மறுகோடிவரை பிரயாணம் செய்து விளையாடுவதென்றால் வரவைச் செலவே விழுங்கிவிடும் என்பதனால்தான், தரத்தால் ஒன்றான டிவிஷன் திசையால் இரண்டாகப் பிரிக்கப்பட்டது.

ஆயினும் அதன் விதிகள் கடுமையானவை. 1922-இல் முதற் சாம்பியனாகிய ஸ்டாக்போர்ட் கவுண்டியைப் போல, ஆண்டுக்கு ஒரே ஒரு கிளப்தான் இரண்டாம் டிவிஷனுக்கு உயர முடியும்; கடைசி இரண்டு ஸ்தானங்களில் நின்றவையோ, தங்களை மறுபடியும் தேர்ந்தெடுக்குமாறு லீக்கின் வருடாந்தரக் கூட்டத்தில் வாக்கு வேண்டி நிற்க வேண்டும். அந்த வாக்கெடுப்பில் டர்ஹம் சிட்டி 1928-இலும் ஆஷிங்டன் 1929-இலும் தங்கள் இடத்தை இழந்தன. 1923-இல் சாம்பியனாகி, அவ்வாண்டிலேயே ஸ்பெயினுக்குச் சென்று ரியல் மாட்ரிட்டை 4–2 என்று வென்ற நெல்சனும், எட்டே ஆண்டுகளில், 1931-இல், வெளியேற்றப்பட்டது. அக்காலத்தில் நெல்சன் அமைந்த லங்காஷயரின் நெசவுத் தொழில் தனது இந்தியச் சந்தையைப் பெரும்பாலும் இழந்து தத்தளித்துக்கொண்டிருந்தது. வட்டமேஜை மகாநாட்டுக்குச் சென்றிருந்த காந்தியடிகள் அந்த ஜில்லாவுக்குப் போய், வேலையிழந்த ஆலைத் தொழிலாளர்களை நேரில் சந்தித்ததும் அதே 1931-ஆம் ஆண்டில்தான். தறிகள் நின்ற ஊரில் கால்பந்துக் கிளப் மட்டும் செழித்திருக்க இயலுமோ? விகன் பரோ என்னும் மற்றொரு கிளப்பும் அவ்வாண்டு அக்டோபரில், பருவம் முடியுமுன்பே, லீக்கிலிருந்து விலகிக்கொண்டது.

இத்தகைய வறுமையிலும் இந்த லீக் தோற்றுவித்த திறமை வியப்புக்குரியது. முதல் டிவிஷனில் 1927–28 பருவத்தில் 60 கோல்கள் அடித்து, இன்றளவும் முறியடிக்கப்படாத சாதனையை நிலைநாட்டிய டிக்ஸி டீன், தமது ஆட்டத்தைத் தொடங்கியது ட்ரான்மியர் ரோவர்ஸ் அணியில். அதே அணி 1935-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஓல்டமை 13–4 என்று வென்றபோது, பன்னி பெல் ஒருவரே ஒன்பது கோல்கள் அடித்தார். டான்காஸ்டர் ரோவர்ஸ் 1946–47-இல் 42 ஆட்டங்களில் 33-இல் வெற்றி கண்டது. 1955-இல் யார்க் சிட்டி எஃப்.ஏ. கோப்பையின் அரையிறுதி வரை முன்னேறி, நியூகாசிலுடன் முதல் ஆட்டத்தைச் சமமாக முடித்து, மறு ஆட்டத்திலேயே தோற்றது. பிற்காலத்தில் லிவர்பூலை உன்னத நிலைக்கு உயர்த்திய பில் ஷாங்க்லி, மானேஜராக அனுபவம் பெற்றது கார்லைல், கிரிம்ஸ்பி, வொர்க்கிங்டன் என்னும் இப்பிரிவின் கிளப்புகளிலேயே.

1958-இல், ஸ்கன்தார்ப் கடைசிச் சாம்பியனாகத் தேறிய பின்னர், வடக்கு தெற்கு என்ற பிரிவினை நீக்கப்பட்டு, தரத்தையே அளவுகோலாகக் கொண்ட தேசிய மூன்றாம், நான்காம் டிவிஷன்கள் ஏற்பட்டன. நான்காம் டிவிஷனிலிருந்து ஆண்டுதோறும் நான்கு கிளப்புகள் உயரலாம் என்றானதால், இரண்டாம் ஸ்தானத்தில் வந்தும் பயன் காணாது நின்ற பழைய அநீதி தீர்ந்தது; அம்மாறுதல் நியாயமானதே. ஆனால் அண்டை ஊர்கள் தமக்குள் மோதிக்கொண்ட ஆட்டங்கள் குறைந்து, தொலைதூரப் பிரயாணங்கள் மிகுந்தன. கேட்ஸ்ஹெட், பாரோ, வொர்க்கிங்டன், சவுத்போர்ட் ஆகியவை 1960-க்கும் 1978-க்கும் இடையே ஒவ்வொன்றாக வாக்கெடுப்பில் இடமிழந்தன. அக்ரிங்டன் ஸ்டான்லி 1962-இல் தானே விலகியது.

திசைவாரிப் பிரிவு என்னும் கொள்கையோ அழியவில்லை. இங்கிலாந்துக் கால்பந்தின் ஆறாம் படியில் 2004 முதல் வடக்கும் தெற்கும் மீண்டும் தனித்தனியே இயங்குகின்றன. மேற்படிகளில் தரமே அளவுகோலாகட்டும். ஆனால் ஒரு சிறு நகரத்தின் அணி தன் சொந்த வருவாயைக்கொண்டே நிலைத்து நிற்க வேண்டிய கீழ்ப்படிகளில், அண்மையும் அயலுறவுமே அதன் ஜீவாதாரம் என்பதையும், டீனும் ஷாங்க்லியும் அத்தகைய படியிலிருந்தே ஏறினார்கள் என்பதையும், லீக்குகளை வகுக்கும் பொறுப்புடையோர் மறவாதிருத்தல் வேண்டும்.