ஒரே கடிகாரம், இருவகைத் துடிப்பு: 1 பிபிஎஸ், ஐரிக்-பி ஓர் ஒப்பாய்வு

துணைமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் உள்ள ஜிபிஎஸ் கடிகாரத்தின் பின்பக்கத்தில் சில வெளியீட்டு முனைகள் இருக்கும். எந்த முனையில் எவ்வகைத் துடிப்பு வர வேண்டும் என்பதை நிறுவும் பொறியாளரே அமைத்துக்கொள்ளலாம். அடிக்கடி எதிர்ப்படும் தேர்வு இரண்டு. ஒன்று, வினாடிக்கு ஒரு துடிப்பு தரும் 1 பிபிஎஸ். மற்றொன்று, துடிப்புகளின் நீளத்திலேயே நேரத்தையும் நாளையும் எழுதி அனுப்பும் ஐரிக்-பி. இவற்றில் எது துல்லியமானது என்பதுதான் வழக்கமாக எழும் கேள்வி. பிழை நேரும்போது எது அதை வெளிக்காட்டும் என்ற கேள்வி அதைவிட முக்கியமானது என்பது என் உறுதியான கருத்து.

நேரம் இங்கே எவ்வளவு நுட்பமாக வேண்டும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தின் ஒரு சுற்று 20 மில்லிவினாடி. கோணக் கணக்கில் 360 பாகை. ஆகவே 1 மைக்ரோவினாடிப் பிழை 0.018 பாகையாகிறது. கட்டக் கோணத்தை அளக்கும் பிஎம்யூ கருவிகளுக்கு ஐஇஇஇ சி37.118 தரநிலை வைக்கும் வரம்பு 1 விழுக்காடு மொத்தப் பிழை. அது முழுவதும் நேரப் பிழையால் மட்டுமே வருவதானால் 0.57 பாகை, அதாவது ஏறத்தாழ 31.8 மைக்ரோவினாடி. 2003 ஆகஸ்ட் 14 அன்று வட அமெரிக்காவில் நேர்ந்த பெரும் மின்தடையை ஆராய்ந்தவர்கள், கடிகாரங்கள் ஒத்துப்போகாத பதிவுகளை வரிசைப்படுத்தவே பெரிதும் உழைக்க வேண்டியிருந்தது. நேரம் ஒத்திசைந்த பதிவுக் கருவிகள் கட்டாயம் என்று அவர்கள் பரிந்துரைத்ததற்குக் காரணம் அதுதான்.

கட்டமைப்பு

1 பிபிஎஸ் எளிமையானது. துடிப்பின் முன்விளிம்பு வினாடியின் தொடக்கம், அவ்வளவுதான். அது எந்த வினாடி, எந்த நாள் என்பதைக் கருவி வேறு வழியில் தெரிந்துகொள்ள வேண்டும். அமைக்க வேண்டியவை நான்கு: துருவம், துடிப்பின் நீளம், கம்பித் தாமத ஈடு, ஒத்திசைவு இழந்தால் துடிப்பு தொடரலாமா நிற்க வேண்டுமா என்பது. சாதாரண கோஆக்சியல் கம்பியில் மீட்டருக்கு ஏறத்தாழ 5 நானோவினாடி தாமதம் உண்டு; 40 மீட்டர் ஓடினால் 200 நானோவினாடி.

ஐரிக்-பி வினாடிக்கு 100 துடிப்புகளை அனுப்புகிறது. 2 மில்லிவினாடி நீண்டால் அது 0, 5 நீண்டால் 1, 8 நீண்டால் எல்லைக்குறி. அடுத்தடுத்து இரண்டு எல்லைக்குறிகள் வந்தால், இரண்டாவதன் முன்விளிம்பில் புதிய வினாடி தொடங்குகிறது. 1 கிலோஹெர்ட்ஸ் அலையில் ஏற்றி அனுப்பும் வடிவத்தில் துல்லியம் குறையும். ஏற்றாத நேர்மட்ட வடிவத்தில் அந்த விளிம்பு 1 பிபிஎஸ் விளிம்புக்கு இளைத்ததல்ல. ஆகவே துல்லியத்தை மட்டும் வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழியில்லை.

அமைப்பில் பிழை

துருவத்தைத் தலைகீழாக அமைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஐரிக்-பியில் 2 மில்லிவினாடித் துடிப்பு 8 ஆகவும் 8 மில்லிவினாடித் துடிப்பு 2 ஆகவும் தெரியும். சட்டகம் குலைந்துபோவதால், அதைப் பெறும் பாதுகாப்பு ரிலேயால் நேரத்தைப் படிக்க முடியாது. ஒத்திசைவு இல்லை என்று அன்றே அறிவித்துவிடும்.

1 பிபிஎஸ்ஸில் அப்படி எதுவும் நடக்காது. துடிப்பின் நீளம் 100 மில்லிவினாடி என்றால், வினாடி 100 மில்லிவினாடி தாமதமாகத் தொடங்குவதாகக் கருவி நம்பிவிடும். 50 ஹெர்ட்ஸில் அது சரியாக ஐந்து முழுச் சுற்று. ஆகவே அதிர்வெண் 50.00 ஆக நிற்கும்வரை கோணம் சரியாகவே தெரியும். இயக்கி வைக்கும் நாளில் எல்லாச் சோதனையும் தேறிவிடக்கூடும். அதிர்வெண் 49.9க்கு இறங்கியதும் 3.6 பாகைப் பிழை எழும். வலையமைப்பு தடுமாறும் வேளையில், அளவீடு மிகவும் தேவைப்படும்போது, அது பொய் சொல்லும். 1 பிபிஎஸ்ஸின் பெரிய அபாயம் என்று நான் கருதுவது இதைத்தான்.

ஐரிக்-பியிலும் ஒரு குழி உண்டு. உலகப் பொது நேரத்திலிருந்து உள்ளூர் நேரம் எவ்வளவு விலகியது என்பதை விரிவாக்கக் குறிகள் சொல்கின்றன. ஐஇஇஇ 1344 தரநிலை அந்த விலக்கத்துக்கு ஒரு கூட்டல்-கழித்தல் குறியைத் தர, சி37.118 அதை எதிர்க்குறியாக மாற்றிவிட்டது. கடிகாரம் ஒன்றையும் ரிலே மற்றொன்றையும் பின்பற்றினால், 5.30 மணி விலக்கம் கொண்ட நம் நாட்டில் பிழை 11 மணி நேரம். ஆனால் இத்தனை பெரிய பிழை கண்ணுக்குத் தப்பாது. நிலையம் முழுவதையும் பொது நேரத்தில் ஓட்டி விலக்கத்தைச் சுழியமாக வைத்தால் குழியே இல்லை.

வானத்துடன் தொடர்பு அறும்போது

ஆண்டெனா பழுதானால் கடிகாரம் தன் உள் அலைவியை நம்பி ஓடும். மெல்ல மெல்ல விலகும். 1 பிபிஎஸ்ஸால் இதைத் தெரிவிக்க முடியாது. நிற்கலாம், அல்லது எதுவும் நடக்காததுபோல் தொடரலாம். ஐரிக்-பியின் விரிவாக்கத்தில் நான்கு பிட் தரக்குறி உண்டு: 0 என்றால் பூட்டிய நிலை, 4 என்றால் 1 மைக்ரோவினாடிக்குள், 5 என்றால் 10 மைக்ரோவினாடிக்குள், 15 என்றால் நம்ப வேண்டாம். ஆனால் இந்தக் குறி எல்லா வடிவத்திலும் வராது. பி002 நாளையும் நேரத்தையும் மட்டுமே ஏந்தும். பி004 ஆண்டையும் கட்டுப்பாட்டுக் குறிகளையும் சேர்த்து ஏந்தும். கடிகாரம் விரிவாக்கத்தை அனுப்ப வேண்டும், ரிலே படிக்கவும் வேண்டும். இரண்டில் ஒன்று விடுபட்டால் ஐரிக்-பியின் மேன்மை வீணாகிறது.

இரண்டாலும் பிடிக்க முடியாத பிழையும் உண்டு. 2016 ஜனவரி 26 அன்று சில ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பொது நேரத் திருத்தத்தையே ஏறத்தாழ 13 மைக்ரோவினாடி தவறாக ஒலிபரப்பின. கடிகாரம் தன்னைச் சரி என்றே நம்பும்போது தரக்குறியும் அப்படியே சொல்லும்.

எதற்கு எது

மின்னோட்டத்தை மாதிரியெடுத்து அனுப்பும் மெர்ஜிங் யூனிட்டுகளுக்கு 1 பிபிஎஸ் இன்றும் பொருத்தமானது. வினாடிக்கு 4000 மாதிரி எடுக்கும் கருவி, ஒவ்வொரு துடிப்பிலும் எண்ணிக்கையைச் சுழியத்திலிருந்து தொடங்கினால் போதும். அதற்கு நாள் தேவையில்லை. அங்கே ஒத்திசைவு இழந்ததும் துடிப்பை நிறுத்தும்படி அமைக்க வேண்டும். அந்த மௌனம்தான் அதனால் தரக்கூடிய ஒரே எச்சரிக்கை. ரிலே, பிஎம்யூ, நிகழ்வுப் பதிவி ஆகியவற்றுக்கு நேர்மட்ட வடிவ பி004ஐ சி37.118 விரிவாக்கத்துடன் தருவதே சரி.

எதைத் தேர்ந்தாலும் அமைத்து முடித்த அன்றே ஆண்டெனாவைக் கழற்றி வைத்து, கடைசிக் கருவிவரை அந்தச் செய்தி போய்ச் சேருகிறதா என்று பார்க்க வேண்டும். போய்ச் சேராத நிலையத்தில் துல்லியம் பற்றி எழுதும் எந்த அறிக்கைக்கும் மதிப்பில்லை.