தாமிரபரணி நாட்டுக் காவலும் கைத்துப்பாக்கியும்

தன் உயிரையும் தன்னைச் சார்ந்தோர் உயிரையும் காத்துக்கொள்ளுதல் மாந்தர் யாவர்க்கும் இயல்பாய் அமைந்த உரிமையாம். அவ்வுரிமையை எந்த எந்தக் கருவியால், எவ்வளவு செலவில், யாருடைய பொறுப்பில் செலுத்துவது என்பதே ஆராய்ச்சிக்கு உரியது. நம் அங்கத்தினருள் ஊர்க்கோடியில் தனிவீடு கட்டிக் குடியிருப்போரும், நகையும் ரொக்கமும் கையாளும் வியாபாரிகளும், "கைத்துப்பாக்கி ஒன்று வாங்கி வைத்தல் நலமா? குறைந்த விலையில் எது கிடைக்கும்?" என்று உசாவுதல் இயல்பே. இவ்வினாவிற்கு விலைப்பட்டியலைக் காட்டி விடை கூறிவிடலாம். ஆயினும், ஆயுதம் மலிந்திருந்த காலம், ஆயுதம் பறிக்கப்பட்ட காலம், லைசென்சு பெற்றோர் மட்டும் ஆயுதம் தாங்கும் காலம் ஆகிய மூன்றையும் கண்டது நம் திருநெல்வேலிச் சீமை. அச்சரித்திரத்தைச் சிறிது நோக்கியபின் விலையைப் பேசுதலே முறையாகும்.

கும்பெனியார் ஆட்சி வேரூன்றுமுன் இந்நாட்டில் போலீஸ் என்பது இல்லை. ஊர்தோறும் ஸ்தல காவல் என்றும், பல ஊர்களையும் வழிகளையும் சேர்த்துத் தேச காவல் என்றும் இருவகைக் காவல் நடைபெற்றது. காவற்காரர் வேலும் ஈட்டியும் திரித்துப்பாக்கியும் தாங்கி, களத்து நெல்லையும் கிடையிலுள்ள மாட்டையும் வழிப்போக்கர் மூட்டையையும் காத்தனர். அதற்கு ஈடாக விளைச்சலில் ஒரு பங்கும், வீட்டுக்கும் ஏருக்கும் இவ்வளவு என வகுத்த காவற் சுதந்தரமும் பெற்றனர். இம்முறையின் உயிர்நாடி ஒன்றுண்டு. களவு போன பொருளைக் காவற்காரர் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும்; கொடுக்க இயலாவிடில் அதன் மதிப்பை ஈடுகட்ட வேண்டும். ஆயுதம் தாங்கியவனே இழப்புக்கும் பொறுப்பாளி என்பது அக்காலத்து நியாயம்.

அப்பொறுப்பு நிலைத்திருந்த வரையில் அவர் கையிலிருந்த ஆயுதத்தைக் கண்டு குடிகள் அஞ்சவில்லை. பொறுப்புத் தளர்ந்தவிடத்து நிகழ்ந்தது வேறு. பாளையக்காரருட் சிலர் தேச காவல் என்ற பெயரால் பிறர் எல்லையிலும் புகுந்து வரி தண்டினர்; காவலுக்கு உடன்படாத ஊரில் மாடு களவு போவதும், பின்னர்த் துப்புக்கூலி கொடுத்து அதனை மீட்பதும் வழக்கமாயின. வேலியே பயிரை மேய்ந்தாற்போலாயிற்று. காத்தவனும் கவர்ந்தவனும் தாங்கிய வேல் ஒன்றே. இடையில் மறைந்தது பொறுப்பு.

நிற்க, கும்பெனியார் இதற்குக் கண்ட பரிகாரத்தைப் பார்ப்போம். 1799-ஆம் வருஷம் அக்டோபர் 16-ஆம் நாள் மேஜர் பானர்மன் கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மனைத் தூக்கிலிட்டான். பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும், துப்பாக்கி முதலிய ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவு பிறந்தது. ஆயினும் பதினாறு மாதம் நிரம்புமுன், 1801-ஆம் வருஷம் பிப்ரவரி 2-ஆம் நாள், ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பினார். இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களுக்குள் மண்ணால் மீண்டும் எழுந்தது. மார்ச்சு 31-ஆம் நாள் மேஜர் மெக்காலே அதனைத் தாக்கித் தோற்றுத் திரும்பினான். மே 24-ஆம் நாள், கர்னல் அக்னியூவின் பெரும்படையும் பீரங்கிகளும் வந்த பின்னரே கோட்டை வீழ்ந்தது. அப்போரில் கலந்துகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர், 1830-இல் வெளியிட்ட தம் நினைவுநூலில், நம்மவர் நீண்ட வேல்களைக் கையாண்ட திறத்தையும், சிவகங்கைச் சின்ன மருது தமக்கு வளரி எறியக் கற்பித்ததையும் வியந்து எழுதியுள்ளார். ஆயுதத்தைப் பறிக்க உத்தரவிட்டால் ஆயுதம் ஒழிந்துவிடும் என்று எண்ணியவர்க்கு இது முதற் பாடம்.

1801-ஆம் வருஷம் டிசம்பர் 1-ஆம் நாள் சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் பிரபு ஒரு பிரகடனம் வெளியிட்டார். தென்பாளையங்களில் துப்பாக்கி, வேல், ஈட்டி முதலான ஆயுதங்களைத் தாங்குதல் அதனால் விலக்கப்பட்டது. எஞ்சிய பாளையக்காரர் நாளடைவில் ஜமீன்தார்களாயினர். தேச காவலும் அதற்குரிய வருமானமும் சர்க்கார் வசமாயின. ஆயின், வருமானத்தை எடுத்துக்கொண்ட சர்க்கார், களவுபோன பொருளுக்கு ஈடு தரும் பொறுப்பை ஏற்கவில்லை. முறையான போலீஸ் இலாகா 1859-ஆம் வருஷத்துச் சட்டத்தாலேயே இம்மாகாணத்தில் அமைந்தது. இடைப்பட்ட காலத்தில் ஊர்க்காவல் முறை சர்க்கார் அங்கீகாரமின்றியே நடந்து வந்தது. முன்னோர் காலத்தில் காவலால் பிழைத்த குடிகள் பலவற்றை, 1911-ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ்க் கொணர்ந்து, பிறப்பினாலேயே குற்றவாளிகள் என முத்திரையிட்டனர். அவ்வநீதிச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் நீக்கப்பட்டது. பொறுப்பை நீக்கிவிட்டுப் பழியை மட்டும் நிறுத்தியதால் விளைந்த தீங்கு இது.

இனி, லைசென்சுக் காலம். 1878-ஆம் வருஷம் லிட்டன் பிரபு ஆட்சியில் ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியர் லைசென்சு பெற்றே ஆயுதம் வைத்திருக்கலாம். ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் அந்நிபந்தனைக்கு விலக்கானவர். இவ்வேற்றுமையைக் கண்டித்து, 1887-இல் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரசு மகாசபை தீர்மானம் செய்தது. 1918-இல் காந்தியடிகளும், தாம் வெளியிட்ட துண்டுப் பிரசுரமொன்றில், இச்சட்டத்தை வன்மையாகக் கண்டித்தார். அஹிம்சையை வாழ்வாகக் கொண்ட அப்பெரியார் அதனைக் கண்டித்தது, ஆயுதத்தின்மேற் கொண்ட ஆசையாலன்று. ஒரு தேசத்தார் முழுமையையும் நம்பத்தகாதவர் என்று சட்டம் கூறியதனாலேயாம். அக்காலத்தில் துப்பாக்கி லைசென்சு ஜமீன்தார்க்கும் பட்டம் பெற்றோர்க்கும் கௌரவச் சின்னமாயிற்று. சுவரில் தொங்கும் துப்பாக்கி திருடனை விரட்டியதிலும் விருந்தினரை மலைப்பித்ததே மிகுதி என்னலாம். அந்தக் கௌரவ ஆசை நம்மவரை விட்டு இன்னும் முற்றும் அகலவில்லை.

சட்டம் இருந்தும் கைத்துப்பாக்கி நம் ஜில்லாவிற்குள் வந்த வரலாறு யாவரும் அறிந்ததே. 1911-ஆம் வருஷம் ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சி ரயில் நிலையத்தில், செங்கோட்டை வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்று, தன்னையும் சுட்டுக்கொண்டு மாண்டான். அவன் கையிலிருந்தது பெல்ஜியம் நாட்டில் செய்த பிரௌனிங் பிஸ்டல். அவன் துப்பாக்கிப் பயிற்சி பெற்றது பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் என்பர். அச்செயலைப் பற்றி ஆராய்தல் இக்கட்டுரைக்குப் புறம்பு. நாம் கவனிக்க வேண்டுவது, கைத்துப்பாக்கியின் இயல்பேயாம். வேலும் ஈட்டியும் தொலைவிலேயே கண்ணுக்குத் தெரியும். தாங்கியவன் யார், எவ்வூரான் என்பதும் தெரியும். கைத்துப்பாக்கியோ மடிக்குள் மறையும். மறைவது அதன் பயன். அதுவே அதன் அபாயமும்.

சுயராஜ்யம் வந்தபோது இக்கேள்வி மீண்டும் எழுந்தது. 1931-இல் கராச்சிக் காங்கிரசு, ஒழுங்குமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் குடிகளின் உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்திருந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் காமத் என்பார் அதனை அடிப்படை உரிமையாக்கக் கோரினார், அவ்வுரிமையைக் கொள்ளைக்காரனும் கேட்பானன்றோ என்னும் கருத்துப்பட டாக்டர் அம்பேத்கர் மறுத்துரைத்தார், திருத்தம் தோற்றது. பின்னர் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் பிறந்தது. இதில் நம்மவர் அறியவேண்டிய ஒரு சிறப்பு உண்டு. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்தால் ஒருவர்க்கு லைசென்சை மறுத்தலாகாது என்று 14-ஆம் பிரிவு கூறுகின்றது. கௌரவம் போய்த் தேவையே அளவுகோலாயிற்று.

ஆயின் சட்டம் சமமாக்கியதைச் சந்தை சமமாக்கவில்லை. தனிமனிதர் வெளிநாட்டுத் துப்பாக்கி தருவித்தல் 1980-களின் நடுப்பகுதி முதல் தடுக்கப்பட்டுள்ளது. ஆதலின் பழைய அந்நியச் சரக்கு கைமாறுங்கால் விலை மிக உயர்ந்து நிற்கின்றது. உள்நாட்டில் சர்க்கார் தொழிற்சாலைகள் .32 அங்குல ரிவால்வரும் பிஸ்டலும் செய்கின்றன. 2014-இல் கான்பூரில் பெண்களின் தற்காப்புக்கென்றே 'நிர்பீக்' என்னும் ரிவால்வர் வெளிவந்தது. எடை 500 கிராம். விலை ஒரு லட்சத்து இருபத்தீராயிரம் ரூபாய்க்கு மேல். நெல் வயலில் நாற்று நடும் பெண்ணுக்கும், பீடி சுற்றும் பெண்ணுக்கும் அது எட்டாக் கனி. பின்னர் .22 அங்குலக் குழலுடைய 'நிடர்' என்னும் சிறு ரிவால்வர் சுமார் 35,000 ரூபாய் விலையில் வந்தது. மலிவு விலையில் கைத்துப்பாக்கி கேட்போர்க்குச் சட்டப்படியான சந்தை காட்டக்கூடியது ஏறக்குறைய இவ்வளவே. ரிவால்வர் அமைப்பில் எளியது, பழகாத கைக்குப் பிழை குறைவு. பிஸ்டல் மெலியது, ஆனால் மிகுந்த பழக்கம் வேண்டும் என்பர்.

விலையைக் கொடுத்தபின் தொடங்கும் செலவே பெரிது. விண்ணப்பதாரர் 21 வயது நிரம்பியவராதல் வேண்டும். போலீஸ் விசாரணை நடக்கும். பொதுஜன அமைதிக்கு ஊறு விளையும் என்று தோன்றினால் லைசென்சு மறுக்கப்படும். 2016-ஆம் வருஷத்து விதிகள், ஆயுதத்தைப் பத்திரமாய் வைத்திருக்கும் கடமையை உடையவர்மேற் சுமத்துகின்றன. 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தால் லைசென்சுக் காலம் ஐந்து வருஷமாயிற்று. தேர்தற் காலத்தில் ஆயுதத்தை ஒப்படைக்கும்படி உத்தரவு வரும். உடையவர் இறப்பின், அவர் குடும்பத்தார் தாமதியாது அதனைப் போலீஸ் நிலையத்திலோ லைசென்சு பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்தல் வேண்டும். தந்தையின் கடிகாரத்தைப் போல மகன் எடுத்து வைத்துக்கொள்ளல் குற்றமாகும். கலியாணத்திலும் கொடையிலும் மகிழ்ச்சிக்காக வானத்தை நோக்கிச் சுட்டுப் பிறர்க்கு அபாயம் விளைத்தலும் இப்போது தண்டனைக்குரியது.

"இத்தனை தொல்லை ஏன்? கள்ளத்தனமாய் மலிவாகக் கிடைக்குமே" என்று எண்ணும் இளைஞர் எங்கேனும் இருப்பின், அவர்க்கு ஒன்று கூறுவோம். லைசென்சின்றி வைத்திருத்தலுக்கே இரண்டு முதல் ஐந்து வருஷம் வரை சிறை உண்டு. களவாய்ச் செய்தலுக்கும் விற்றலுக்கும் ஆயுட்சிறை வரை உண்டு. அத்தகைய துப்பாக்கியின் குழல் வெடித்தால் சுட்டவன் கையே முதலிற் போம். அதனினும் விலையுயர்ந்த துப்பாக்கி வேறில்லை.

தற்காப்பு உரிமையின் எல்லையையும் அறிதல் வேண்டும். பழைய பீனல் கோடுக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதீய நியாய சங்கிதையின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் இதனைக் கூறும். உயிருக்கு அச்சம் நேருங்கால் எதிர்த்துத் தாக்கலாம். இரவில் வீடு உடைத்துப் புகுவோனைத் தடுக்கும் உரிமையும் விரிந்தது. ஆயினும் தற்காப்புக்கு வேண்டியதற்கு மேல் தீங்கு செய்தலாகாது. அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருக்குங்கால் இவ்வுரிமை எழாது. இருட்டில் சில விநாடிக்குள் முடிவு செய்து, வருஷக்கணக்காய்க் கோர்ட்டில் விடை கூறவேண்டிய காரியம் அது. இருட்டில் வந்தவன் கள்வனா, நேரங்கழித்து வீடு திரும்பிய மகனா என்பதைத் தோட்டா பகுத்தறியாது.

குடகு நாட்டாரை உதாரணங் காட்டுவோர் உண்டு. அவர்கட்கு லைசென்சு வேண்டாம் என்னும் விலக்கு ஆங்கிலேயர் காலத்திலிருந்து வருகின்றது. 2019-இல் மேலும் பத்து வருஷத்திற்கு நீட்டப்பட்டது. அங்கே துப்பாக்கி பண்டிகையோடும் பூசையோடும் கலந்து, ஊரார் கண்முன் நிற்பது. நம் சீமையின் அண்மைச் சரித்திரமோ வேறு. 1990-களில் தென்ஜில்லாக்களில் எழுந்த சாதிக் கலகங்களில் எத்தனை குடும்பம் பாழாயிற்று என்பதைப் பெரியோர் மறந்திரார். அக்கலகங்களின் விளைவாகவே 1997-இல் ஜில்லாக்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இட்டிருந்த தலைவர் பெயர்களைச் சர்க்கார் நீக்க நேர்ந்தது. ஒரு சமூகத்தார் அச்சத்தால் வாங்கும் ஆயுதம் அயல்தெருவார்க்கு அச்சத்தை ஊட்டும், அவரும் வாங்குவர், அப்பால் யாருக்குக் காவல், யாரிடமிருந்து காவல் என்பது விளங்காது.

ஆதலின் நம் சங்கத்தார்க்குக் கூறுவது இதுவே. உண்மையான அபாயம் உடையவர், தொழிலின் நிமித்தம் பெரும்பொருள் சுமப்பவர், சட்டப்படி விண்ணப்பிக்கத் தயங்க வேண்டுவதில்லை. அது அவர் உரிமை. அவ்வாறு வாங்குவோர், விலை குறைந்தது எது என்று மட்டும் பாராமல், பூட்டி வைக்கவும், பழகவும், வீட்டுச் சிறுவர் கைக்கும் சினங்கொண்ட வேளையில் தம் கைக்குமே எட்டாமல் காக்கவும் தம்மால் இயலுமா என்று பார்ப்பாராக. மதுவும் வீட்டுச் சண்டையும் உள்ள இல்லத்தில் துப்பாக்கி புகவே கூடாது. ஏனையோர்க்கு நல்ல கதவும், தெருவிளக்கும், நகைக்குப் பாங்குப் பெட்டகமும், இரவில் குரல் கொடுத்தால் ஓடிவரும் அயலாருமே மலிவான காவல். அவ்வயலார் எச்சாதியினராயினும் அவரோடு முகங்கொடுத்துப் பேசும் வழக்கத்தை இன்றே தொடங்குதல் வேண்டும்.

பழைய காவற்காரர், களவு போனால் ஈடு தருவேன் என்று ஊரார் முன் நின்று சொன்னார். அச்சொல்லே அவர் வேலுக்குப் பெருமை தந்தது. தம் கைத்துப்பாக்கியால் விளையும் யாவற்றுக்கும் அங்ஙனம் ஊரறியப் பொறுப்பேற்க வல்லவரே அதனைத் தாங்கத் தகுந்தவர் ஆவர்.